வெயில் வாங்கிய சுவர்

பிப்ரவரி 9

தங்கச்சிக்கு,

பதினோரு வருஷம் கழித்து எழுதுகிறேன். நலம், நலமறிய ஆவல் என்றெல்லாம் எழுதக் கை வரவில்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

நேற்று கடைக்குச் செப்புக்கம்பி வந்தது. நான் இப்போது எரிந்துபோன மோட்டார்களுக்குக் காயில் கட்டுகிறேன். உனக்குத் தெரிந்திருக்கும், சித்தப்பா வாய் சும்மா இருக்காது. கம்பியைச் சுற்றியிருந்த பத்திரிகைத் தாளில் ஒரு பெண், அட்டையில் செய்த ஏதோ ஒரு மாதிரிக்குப் பக்கத்தில் நின்று சிரிக்கிறாள். கண்ணாடி போட்டிருந்ததால் எனக்கு அடையாளம் தெரியவில்லை. உன் அண்ணிதான் எட்டிப் பார்த்துவிட்டு, "ஏங்க, இந்தப் பொண்ணு மூக்கு அப்படியே உங்க மூக்கா இருக்கே" என்றாள். உன்னை அவள் பார்த்ததே இல்லை.

போருக்குப் போனவர்களுக்காக, திரும்பியவர்கள் திரும்பாதவர்கள் எல்லோருக்கும் சேர்த்து, நம் ஊரில் நினைவிடம் கட்டப்போகிறார்களாம். வடிவமைப்பு நீயாம். சந்தோஷம். படத்துக்குக் கீழே ஒரு வரி போட்டிருந்தார்கள்: 'பகலெல்லாம் வெயில் வாங்கிய சுவரில், சாயங்காலம் முதுகைச் சாய்த்து வரிசையாக உட்கார்ந்திருந்தவர்களின் நினைவாக.'

அந்த வரி என்னுடையது. அம்மாவுக்கு நான் எழுதியது. வேறு யாருக்கும் எழுதவில்லை, வாய்விட்டுச் சொன்னதும் இல்லை. அந்தக் கடிதம் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது அம்மா போய் மூன்று மாதம் ஆகியிருந்தது. எனக்குத் தெரியாது. உனக்குத் தெரியும். அம்மா பெயரில் எட்டு மாதம் எனக்குப் பதில் எழுதிக்கொண்டிருந்தவளே நீதானே.

அன்று எடுத்துப் படித்தாய். இன்று ஊரே பார்க்கக் கல்லில் வேறு கட்டப்போகிறாய்.

இரண்டு விஷயம். அந்தச் சுவரை எடுத்துவிடு. பெயர்ப் பட்டியலில் என் பெயர் இருந்தால் அதையும் எடுத்துவிடு. பதில் வேண்டாம்.

அண்ணன்

*

பிப்ரவரி 17

அன்புள்ள அண்ணாவுக்கு,

பதில் வேண்டாம் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆனால் உறையின் பின்பக்கம் அனுப்புநர் முகவரியை முழுசாக எழுதியிருக்கிறீர்கள். நான் பின்பக்கத்தை நம்புகிறேன்.

ஆமாம், அந்த வரி உங்களுடையது. கேட்காமல் எடுத்தது தப்பு. இதற்கு எந்தச் சமாதானமும் சொல்லப்போவதில்லை. நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

நினைவிடக் குழுவின் தலைவர் ஓய்வுபெற்ற ஒரு மேஜர். மீசையும் மிடுக்குமாக இருப்பார். முதல் கூட்டத்திலேயே அவர் கேட்டது பதினெட்டு அடி உயர வீரன், கையில் துப்பாக்கி, காலடியில் சிங்கம், தலைக்கு மேல் கழுகு, பக்கத்தில் அணையாத தீப்பந்தம். "சார், கூண்டும் கோமாளியும் சேர்த்தா சர்க்கஸே ஆரம்பிச்சிடலாம்" என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அடக்கிக்கொண்டேன். நாலு மாதம் வரைந்தேன். தூண் வரைந்தேன், வளைவு வரைந்தேன், எரியும் விளக்கு வரைந்தேன். எதைப் பார்த்தாலும் போருக்கே போகாதவர்கள் நினைத்துக்கொள்ளும் போர் மாதிரிதான் இருந்தது. போன ஒருவரை எனக்குத் தெரியும் அண்ணா. அவர் எழுதியதில் துப்பாக்கியே வராது. தண்ணீர், செருப்புக் கடி, சாயங்காலச் சுவர், இவைதான் வரும். ஒரு நாள் பென்சில் தானாக நீளமாக ஒரு சுவரை இழுத்தது. அதன் கீழே ஒரு கல் பெஞ்சு. அவ்வளவுதான் வடிவமைப்பு.

சுவர் அறுபது அடி, மேற்குப் பார்த்தது. பெயர்களைச் சுவரிலேயே வெட்டுகிறோம். பெஞ்சு நடுவில் ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு மட்டும் வெட்டிக் காலியாக விட்டிருக்கிறேன், திரும்பி வராதவர்களுக்காக. மாதிரியில் அந்த இடைவெளியைப் பார்த்ததும் குழுவில் இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். சிங்கம் அன்றைக்கே ஓடிப்போனது.

வரைபடத்தின் நகல் ஒன்று அனுப்புகிறேன். பாருங்கள். பார்த்த பிறகும் "எடு" என்று இன்னொரு முறை எழுதினால் எடுத்துவிடுகிறேன். குழுவிடம் என்ன சொல்வது என்பது என் பாடு.

உங்கள் பெயரைப் பற்றி: பட்டியலிலிருந்து ஒரு பெயரை எடுக்க வேண்டுமானால் சம்பந்தப்பட்டவர் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும். இந்த விதியை நான் போடவில்லை. போடாவிட்டாலும் எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது.

அண்ணியை விசாரித்ததாகச் சொல்லவும். என் மூக்கைப் பற்றி அவர் சொன்னதை வீட்டுக்காரரிடம் படித்துக் காட்டினேன். சிரித்துச் சிரித்து அவருக்குப் புரையேறிவிட்டது.

தங்கை

*

மார்ச் 2

தங்கச்சிக்கு,

முதலில் இந்த 'நீங்கள்' என்ன புதிதாக? சின்ன வயதில் என் தலைமயிரைப் பிடித்து இழுத்துக்கொண்டு "டேய்" என்று கூப்பிட்டவள் நீ. கோபம் எனக்கு. மரியாதை உனக்கு எதற்கு?

வரைபடத்தைத் திருப்பி அனுப்புகிறேன். பென்சிலால் குறித்திருப்பதைப் பார். வெளிப்படையாகச் சொன்னால், வாயில் வந்தபடி திட்டி எழுதத்தான் உட்கார்ந்தேன். "திட்டுறதுக்கு எதுக்குங்க ஸ்கேலு?" என்று அண்ணி கேட்ட பிறகுதான் கையில் ஸ்கேல் இருப்பதே தெரிந்தது.

பெஞ்சு உயரம் பதினான்கு அங்குலம் என்று போட்டிருக்கிறாய். யார் உட்கார? பள்ளிக்கூடப் பிள்ளைகளா? முழங்கால் போனவனும் கட்டைக்கால் வைத்தவனும் இதில் உட்கார்ந்தால் கிரேன் வைத்துத்தான் தூக்க வேண்டும். பத்தொன்பது ஆக்கு. நாலடிக்கு ஒரு கைப்பிடி வை, ஊன்றி எழுந்திருக்க.

பளபளவென்று தேய்த்த கறுப்புக் கல் வேண்டவே வேண்டாம். எதிரே நடக்கிறவர்களின் உருவம் அதில் ஓடும். ஓரக்கண்ணில் ஏதாவது ஓடினால் எங்களில் பல பேருக்கு இன்னமும் தூக்கிவாரிப் போடும். சொரசொரப்பான கல்லாகவே விடு. சூடும் அதில்தான் நிற்கும்.

சாய்ந்தால் முதுகு பெயர்கள் மேல் படுமே, மரியாதைக் குறைவு இல்லையா என்று உன் மேஜர் கேட்பார். படட்டும். நாங்கள் ஒருவன்மேல் ஒருவன் சாய்ந்துதான் கிடந்தோம்.

கடைசியாக அந்தக் காலி இடம். குழுவில் இருப்பவர்கள் அழுதார்கள் என்கிறாய். அழட்டும். ஆனால் அது பொய்.

நாங்கள் இடம் விட்டதே இல்லை. யாராவது திரும்பி வராத நாளில், சாயங்காலம் சுவரடிக்கு வரும்போது, அவனுக்குப் பக்கத்தில் உட்காருகிறவன் ஒன்றும் பேசாமல் நகர்ந்துகொள்வான். அடுத்தவன் அவனை ஒட்டிக்கொள்வான். அப்படியே வரிசை முழுக்க நெருங்கிவிடும். யாரும் சொல்லிக்கொடுத்தது இல்லை. ஓர் ஆள் இடம் காலியாகக் கிடந்தால் எல்லோர் கண்ணும் அங்கேயே போகும். சோறு இறங்காது. மறுநாள் யாராலும் எழுந்து போக முடியாது. வெளியே இருந்து பார்ப்பவருக்கு, செத்தவனை அதற்குள் மறந்துவிட்டார்கள் என்று தோன்றும். மறக்க இல்லை. தாங்கத்தான்.

விசில் என்று ஒருவன் இருந்தான். உன் பட்டியலில் நிஜப் பெயர் இருக்கும். எப்போதும் வாயில் ஒரு பாட்டு, ஒருநாளும் சுருதி சேர்ந்தது கிடையாது. அவன் போன அன்று நகர வேண்டியவன் நான். நகர்ந்தேன்.

இதையெல்லாம் எழுதியதால் சமாதானம் ஆகிவிட்டதாக நினைக்காதே. ஒருத்தர் தப்பாகக் கட்டுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

அண்ணன்

*

மார்ச் 11

அண்ணா,

சரி, இனி 'நீ'தான்.

உன் பென்சில் குறிகளைக் கல் மேஸ்திரியிடம் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கால் மணி நேரம் பார்த்தார். "யாரும்மா இது? உக்காந்து எந்திரிச்ச ஆளு போட்ட கணக்கா இருக்கே" என்றார். பெஞ்சு பத்தொன்பது ஆகிவிட்டது. கைப்பிடியும் வந்துவிட்டது. கறுப்புக் கல்லைத் திருப்பி அனுப்பியாயிற்று. அதற்கு விற்பனைக்காரர் என்னைப் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது.

காலி இடம்தான் சிக்கல். "அதாம்மா இந்த டிசைனோட உயிரே, அதை எடுத்துட்டா வெறும் பஸ் ஸ்டாப்பு" என்று மேஜர் ஒற்றைக்காலில் நிற்கிறார். எனக்கும், உண்மையைச் சொன்னால், அதை விட மனசு வரவில்லை. நான் யோசித்த ஒரே சொந்த விஷயம் அதுதான். அதுவும் தப்பு என்று நீ எழுதியிருந்ததைப் படித்துவிட்டு அன்றைக்கு முழுக்க மாதிரியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அப்புறம் அது தப்புதான் என்று புரிந்தது. அது உட்கார்ந்தவர்களின் துக்கம் இல்லை, பார்க்க வருகிறவர்களின் துக்கம்.

வேறொன்றும் சொல்ல வேண்டும். நீ கேட்கவில்லை. போரிலிருந்து திரும்பிய அன்று வாசலில், ஏன் இப்படிச் செய்தாய் என்று நீ கேட்டபோது எனக்கு நாக்கு எழவில்லை. நீ மூட்டையைத் திரும்பத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டாய்.

அம்மாவுக்குக் கண் மங்கிய நாளிலிருந்து அவள் சொல்லச் சொல்ல நான்தான் உனக்கு எழுதினேன். எழுத்து எப்போதும் என்னுடையது. அன்றைக்கும் கட்டிலில் படுத்துக்கொண்டே சொல்லிக்கொண்டிருந்தாள். "சாக்ஸ் ரெண்டு ஜோடி அனுப்பியிருக்கேன், ஈரத்தோட போட்டுக்காத, போட்டா காலு..." என்று நிறுத்தினாள். மூச்சு வாங்குகிறாள் என்று நினைத்து, பேனாவைத் தூக்கியபடியே காத்திருந்தேன். ரொம்ப நேரம் காத்திருந்தேன் அண்ணா.

எல்லாம் முடிந்து பத்து நாள் கழித்துப் பார்த்தால் மேசையில் அந்தப் பாதிக் கடிதம் கிடக்கிறது. உனக்கு லீவு கிடைக்காது, சொன்னால் அங்கே தவறான நேரத்தில் கவனம் சிதறும் என்று சித்தப்பா சொன்னார். அவர்மேல் பழி போடவில்லை. அவர் "சொல்லாதே" என்றுதான் சொன்னார். எழுதச் சொல்லவில்லை. 'போட்டால் கால் புண்ணாகும்' என்று நானே முடித்து, 'இப்படிக்கு அம்மா' என்று போட்டு அனுப்பினேன். ஒரே ஒரு கடிதம் என்றுதான் நினைத்தேன். நீ பதில் போட்டாய்.

தங்கை

*

மார்ச் 25

தங்கச்சிக்கு,

அந்தச் சாக்ஸ் கடிதம் எனக்கு நினைவிருக்கிறது. ஈரத்தோடு போட்டுக்கொள்ளவில்லை.

நீயாகப் பேச்சை எடுத்துவிட்டாய். அதனால் நானும் சொல்லிவிடுகிறேன். நான் கோபித்துக்கொண்டு போனது அம்மா செத்ததைச் சொல்லவில்லை என்பதற்காக என்று நீயும் சித்தப்பாவும் நினைத்திருப்பீர்கள். அதற்காக இல்லை. அதற்காக என்றால் ஒரு வருஷத்தில் ஆறியிருக்கும்.

விசில் செத்ததைப் பற்றி அம்மாவுக்கு ஒரு கடிதம் எழுதினேனே. நீ படித்திருக்கிறாய், உனக்குத் தெரியும். இருந்தாலும் என் கையால் இன்னொரு தடவை எழுதுகிறேன். கீழே இருந்த கிணற்றிலிருந்து தண்ணீர் கொண்டுவருவது ஆளுக்கு ஒரு நாள் முறை. அன்று என் முறை. முந்தின நாள்தான் அந்த வழியில் குண்டு விழுந்திருந்தது. எனக்குப் பயம். காய்ச்சல் என்று சொல்லிப் போர்த்திப் படுத்துக்கொண்டேன். உடம்பில் ஒரு மண்ணும் இல்லை. விசில் என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தான். கட்டாயம் அவனுக்குத் தெரிந்திருக்கும். "படுத்துக்கடா, ஒரு நடைதானே" என்று குடத்தைத் தூக்கிக்கொண்டு போனான். நடுப்பகல். பாட்டுச் சத்தம் கொஞ்ச தூரம் கேட்டது.

இதை அம்மாவிடம்தான் சொல்ல முடிந்தது. பதில் வந்தது. 'நடந்தது நடந்துவிட்டது. நீ வந்து சேர். மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.' மூன்றே வரி. மடிப்பு கிழிகிற வரைக்கும் படித்தேன். அதை வைத்துக்கொண்டுதான் மீதி நாள்களைத் தள்ளினேன். என் அம்மாவுக்கு என் லட்சணம் தெரியும், தெரிந்தும் வா என்கிறாள் என்ற ஒரே தெம்பு.

அப்புறம் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே "அம்மா" என்று கூப்பிட்டேன். நீ வந்து நின்றாய்.

இப்போது சொல். என்னை மன்னித்தது யார்? அம்மா இல்லை. விசிலும் இல்லை. பத்தொன்பது வயதில் ஒரு பெண் பேனாவை வைத்துக்கொண்டு விளையாடியிருக்கிறாள். அதை நம்பி நான் உயிரோடு வந்திருக்கிறேன். பதினோரு வருஷமாக இந்த இடத்திலேயே நிற்கிறேன்.

அண்ணன்

*

ஏப்ரல் 4

அண்ணா,

விளையாடவில்லை.

விசிலைப் பற்றிய அந்தக் கடிதம் அன்று வந்தபோது பதினோரு நாள் என்னால் பதில் எழுத முடியவில்லை. அடுப்படியில், பஸ்ஸில், வகுப்பில், எங்கே போனாலும் அம்மா என்ன சொல்லியிருப்பாள் என்று யோசித்தேன். முதலில் உன்னை நாலு சாத்து சாத்தியிருப்பாள். அதற்கப்புறம்? தெரியவில்லை. இன்றைக்கும் தெரியவில்லை. அம்மா மன்னித்திருப்பாள் என்று இப்போது எழுதினால் அது இன்னொரு பொய்யாகிவிடும். எட்டு மாதம் சொன்னதே போதும்.

பன்னிரண்டாம் நாள் அம்மாவை விட்டுவிட்டேன். எனக்கு என்ன வேண்டும் என்று பார்த்தேன். நீ வேண்டும். பயந்தவனோ பொய் சொன்னவனோ, முழுசாக வீட்டுக்கு வர வேண்டும். அதைத்தான் எழுதினேன். அந்த மூன்று வரியும் நான் உனக்குச் சொன்னது. அதில் பொய் என்றால் கீழே போட்ட கையெழுத்து மட்டும்தான். உன்னை மன்னிக்க எனக்கு உரிமை கிடையாது, நான் மன்னிக்கவும் இல்லை. கூப்பிட்டேன். அவ்வளவுதான் செய்தேன்.

இன்னொரு உண்மையையும் சொல்லிவிடுகிறேன், என்னைக் கேவலமாக நினைத்தாலும் பரவாயில்லை. நீ எனக்கென்று எழுதிய கடிதங்கள் எத்தனை தெரியுமா? மூன்று. மூன்றிலும் 'நன்றாகப் படி, அம்மாவைப் பார்த்துக்கொள்'. அம்மாவுக்கு எழுதும்போதுதான் என் அண்ணன் எப்படிப்பட்டவன் என்றே எனக்குத் தெரிந்தது. சுவர்ச் சூட்டை எழுதுவான், விசிலைக் கிண்டல் செய்வான், பயத்தை எழுதுவான். அந்த ஆளை விட எனக்கு மனசு வரவில்லை. அம்மா போய்விட்டாள் என்று சொல்லியிருந்தால் அந்தக் கடிதங்கள் நின்றிருக்கும். உனக்காக மட்டும் நான் எழுதவில்லை அண்ணா. எனக்காகவும்தான் எழுதினேன்.

தங்கை

*

மே 2

அண்ணா,

நாலு வாரம் ஆகிறது. உன்னிடமிருந்து ஒன்றும் இல்லை. நெருக்கவில்லை. வேலை நிலவரம் மட்டும் சொல்கிறேன்.

நேற்றுக் குழுக் கூட்டம். காலி இடம் பற்றிக் கடைசி முடிவு. எனக்கு வாதாடத் தெரியவில்லை. அதனால் வரைபடத்தின் ஓரத்தில் நீ பென்சிலால் எழுதியிருந்ததை வாசித்துவிட்டேன்: 'இடம் விடாதே. நகர்ந்து ஒட்டிக்கொள்வோம்.' யார் எழுதியது என்று சொல்லவில்லை. இந்தத் தடவையும் கேட்காமல்தான் வாசித்தேன், திட்டு.

மேஜர் வரைபடத்தைத் தன் பக்கம் இழுத்து அந்த வரியை இன்னொரு தடவை படித்தார். மீசை துடித்தது. அப்புறம் மெதுவாக, "எங்க பக்கமும் அப்படித்தான்மா. நான்கூட மறந்தே போயிட்டேன்" என்றார். மறந்துபோனதற்காக அவருக்கு அவர்மேலேயே கோபம் வந்துவிட்டது. செயலாளரைப் பார்த்து, "இடைவெளியும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம், பெஞ்சை நேரா போடச் சொல்லுய்யா" என்று கத்தினார். பதவி வரிசையில்தான் பெயர்கள் வர வேண்டும் என்று மூன்று மாதமாகப் பிடிவாதம் பிடித்தவர், அதையும் அங்கேயே விட்டுவிட்டார். யார் யார் பக்கத்தில் இருந்தார்கள் என்று தெரிந்தால் அப்படியே வெட்டலாமாம். மேஸ்திரி பெயர்களை எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். உன் வரிசை எனக்குத் தெரியும், அம்மாவுக்கு நீ எழுதியிருக்கிறாய். ஆனால் உன்னைக் கேட்காமல் உளி வைக்க மாட்டேன்.

திறப்பு விழா ஜூன் பதினான்கு.

எனக்கு ஒன்றே ஒன்றுதான் வேண்டும். நீ வர வேண்டும். சுவரைப் பார்க்க இல்லை, என்னைப் பார்க்க. வராவிட்டாலும் சுவர் நிற்கும். என்னால்தான் அதன் முன்னால் நிற்க முடியாது.

தங்கை

*

மே 19

தங்கச்சிக்கு,

பதில் போடாததற்குக் காரணம் கோபம் இல்லை. நான் ஊரில் இல்லை.

நீ 'மன்னிக்க எனக்கு உரிமை கிடையாது' என்று எழுதியிருந்தாய். அதைப் படித்துவிட்டு இரண்டு நாள் ஒரு காயிலும் ஒழுங்காகக் கட்டவில்லை. ஒரு மோட்டாரைத் தலைகீழாகச் சுற்றவைத்துவிட்டேன். "கிளம்புங்க. கடையை நான் பாத்துக்கிறேன். யார்கிட்டப் போகணும்னு உங்களுக்குத் தெரியும்" என்று அண்ணி பையை எடுத்துக் கையில் கொடுத்தாள்.

விசிலின் மனைவியை ஊர் ஊராக விசாரித்துக் கண்டுபிடிக்கவே நாலு வாரம் ஆயிற்று. இரண்டு அறை வீட்டில் தையல் வேலை செய்கிறாள். அவன் கூட இருந்தவன் என்றதும் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். உட்காராமலே சொன்னேன். காய்ச்சல் பொய் என்று சொன்னேன். முறை என்னுடையது என்று சொன்னேன். கையில் இருந்த துணியை மடித்துக்கொண்டே கேட்டாள். மடித்து, பிரித்து, திரும்ப மடித்தாள்.

கத்துவாள், வெளியே போ என்பாள் என்று தயாராக நின்றேன். அவள் கேட்டது ஒன்றே ஒன்று. "அன்னிக்கு அவரு சாப்பிட்டாரா?"

சொன்னேன். காய்ச்சல்காரனுக்குச் சோறு எதற்கு என்று என் பங்கையும் சேர்த்துத் தின்றுவிட்டுத்தான் போனான். நிஜம் அது. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அதானே, யாரு பங்கையும் விடமாட்டாரே" என்றாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நான் நின்றுகொண்டே இருந்தேன்.

வெளியே வந்து சொன்னாள்: "மன்னிச்சேன்னு எல்லாம் என்னால சொல்ல முடியாதுங்க. பன்னெண்டு வருஷம் நான் தனியா இருந்திருக்கேன். ஆனா நீங்க வந்தீங்க. வேற யாரும் வரல. வந்துட்டுப் போங்க அப்பப்ப." அவளுடைய தையல் மிஷின் மோட்டார் கருகின வாசனை அடித்தது. கழற்றிச் சரிசெய்து கொடுத்துவிட்டுத்தான் வந்தேன். இதனால் கணக்குத் தீர்ந்துவிடாது. அதற்காகச் செய்யவும் இல்லை. அடுத்த மாதமும் போவேன்.

மேஸ்திரியிடம் சொல். வரிசை இதுதான்: இடது கோடியில் சமையல்காரன், அடுத்து வாத்தியார், அடுத்து விசில், அவனை ஒட்டி நான். என் பெயர் இருக்கட்டும்.

விழாவுக்கு வருவதைப் பற்றி இன்னும் யோசிக்கிறேன்.

அண்ணன்

*

மே 27

அண்ணா,

நேற்று உளி வைத்தார்கள். சமையல்காரர், வாத்தியார், விசில், நீ. மேஸ்திரி உன் பெயரை வெட்டும்போது "கடைசி எழுத்தை நீயே வெட்டிப் பாரும்மா" என்று உளியை என் கையில் கொடுத்தார். ஒரு கால் கோணிப்போயிற்று. அவர் சரிசெய்ய வந்தார். வேண்டாம் என்றுவிட்டேன். கோணலாகத்தான் இருக்கிறாய், என்னைத் திட்டிக்கொள்.

யோசி, யோசி. விருந்தாளி அறையில் மெத்தையை வெயிலில் போட்டிருக்கிறேன். அண்ணிக்கு என்ன பிடிக்கும் என்று எழுது. எனக்கு ஒன்றுமே தெரியாது பார். என் அண்ணியைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அவர் என் மூக்கைப் பற்றிச் சொன்னது மட்டும்தான்.

தங்கை

*

ஜூன் 6

தங்கச்சிக்கு,

விழாவுக்கு வரவில்லை. பேண்டு வாசிப்பார்கள், வேட்டு போடுவார்கள், எவனாவது மைக்கைப் பிடித்துக்கொண்டு 'தீரம்' என்று நாற்பது தடவை சொல்வான். நான் தீரன் இல்லை. அங்கே நின்றால் எனக்கு மூச்சு முட்டும். மேஜரிடம் சொல், புரிந்துகொள்வார்.

விழா முடிந்து அடுத்த ஞாயிற்றுக்கிழமை, ஜூன் இருபத்தொன்று, சாயங்காலம் நாலு மணி வண்டிக்கு வருகிறோம். நான், அண்ணி, விசிலின் மனைவி. அவள் பார்க்க வேண்டும் என்கிறாள். ஸ்டேஷனுக்கு வந்து நிற்காதே, அங்கே வைத்து அழுவாய். எனக்குச் சங்கடம். வீட்டிலேயே இரு. அண்ணிக்குக் காரம் ஆகாது, பேச்சுத்துணை இருந்தால் போதும். பத்து நாள் தங்குவோம். கடையைப் பூட்டிவிட்டு வருகிறேன், இதுவரை அப்படிப் பூட்டியதே இல்லை.

நீ கோபித்துக்கொள்ளலாம், கேட்கலாம், அடிக்கலாம். பதினோரு வருஷம் உன்னை வாசலிலேயே நிறுத்திவிட்டுப் போனவன் நான். நீ ஒரு பொய் சொன்னாய், நான் வந்து சேர்ந்தேன். நான் ஒரு பொய் சொன்னேன், ஒருத்தன் வந்து சேரவில்லை. இதில் உன்னை நான் தண்டித்தது எந்த நியாயத்தில் என்று எனக்கே தெரியவில்லை. தப்புதான் தங்கச்சி. என்னை மன்னித்துவிடு. இதற்கு உனக்கு உரிமை இருக்கிறது.

எட்டு மாதத்துக் கடிதங்கள் மொத்தம் பத்தொன்பது. எல்லாம் என்னிடம்தான் இருக்கின்றன. எரிக்கப் போய் எரிக்காமல் வந்திருக்கிறேன், இரண்டு தடவை. அவற்றையும் எடுத்துக்கொண்டு வருகிறேன். உன்னிடம் திருப்பிக் கொடுக்க இல்லை. இத்தனை வருஷம் அவற்றை அம்மா குரலிலேயே படித்துவிட்டேன். நீ ஒரு தடவை வாய்விட்டுப் படி. உன் குரலில் கேட்க வேண்டும்.

அண்ணன்